தாடை உள்வாங்கியிருந்தால் மூச்சுப்பாதை சிறுத்துவிடுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி: வளர்ச்சி முடிந்த ஒருவருக்குக் கீழ்த்தாடை சற்று உள்வாங்கியிருக்கிறது. பல்லுக்காக எடுத்த சிபிசிடி ஸ்கேனில் (பல், தாடைக்கான முப்பரிமாண எக்ஸ்ரே) 'மூச்சுப்பாதை குறுகல்' என்று எழுதி, ஓரிடத்தைச் சிவப்பாகக் காட்டியிருக்கிறார்கள். தாடை பின்னால் இருப்பதால்தான் பாதை சிறுத்ததா? தாடையை முன்னால் கொண்டுவந்தால் விரியுமா? விரிந்தால் குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நிற்பதும் சரியாகிவிடுமா?

முதல் கேள்விக்குப் பதில் 'ஓரளவு'. இரண்டாவதுக்கு 'பெரும்பாலும் ஆம்'. மூன்றாவதுக்கு 'தூக்கத்தில் அளந்து பார்த்தால்தான் தெரியும்'. மூன்றுக்கும் ஒரே பதில் ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொண்டால், அந்தச் சிவப்பு நிறத்துக்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

மூக்குக்கு எலும்பும் குருத்தெலும்பும் இருக்கின்றன. மூச்சுக்குழாய்க்கு லாட வடிவக் குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் உள்ள தொண்டை மட்டும் வெறும் தசைக்குழாய். விழுங்குவதற்கும் பேசுவதற்கும் அது இளகியிருக்க வேண்டும். மூச்சு விடுவதற்கோ விறைத்து நிற்க வேண்டும். விழித்திருக்கும்போது தசைகளின் முறுக்கு இந்த முரண்பாட்டைச் சமாளித்துவிடுகிறது. தூங்கும்போது முறுக்கு தளர்கிறது. அப்போது குழாயைத் திறந்து வைத்திருப்பது, அந்தத் தசைகள் எந்த எலும்பில், எவ்வளவு இழுவிசையோடு கட்டப்பட்டிருக்கின்றன என்பதுதான். தாடை கதைக்குள் வருவது இங்கேதான்.

நாக்கை முன்னுக்கு இழுக்கும் பெரிய தசை, கீழ்த்தாடையின் உட்புறத்தில் முகவாய்க்கு நேர் பின்னால் உள்ள சிறு எலும்பு முடிச்சுகளில் தொடங்குகிறது. தொண்டையில் வேறெந்த எலும்போடும் மூட்டாகச் சேராமல் தசைகளில் தொங்கிக்கொண்டிருக்கும் ஹையாய்டு எலும்பும் அதே இடத்தோடு தசையால் கட்டப்பட்டிருக்கிறது. மென்னண்ணம், அதாவது வாயின் மேற்கூரையில் எலும்பில்லாத பின்பகுதி, மேல்தாடையின் பின்விளிம்பிலிருந்து தொங்குகிறது. மென்னண்ணத்தின் இருபுறமும் வளைவாக இறங்கும் தசைகளில் ஒன்று நாக்கோடு சேர்கிறது, இன்னொன்று தொண்டைச் சுவரோடு சேர்கிறது. ஆக, கீழ்த்தாடையை முன்னுக்கு நகர்த்தினால் நாக்கின் அடி முன்னுக்கு வருகிறது, ஹையாய்டு முன்னுக்கு வருகிறது. அத்தோடு நிற்பதில்லை: பக்கச் சுவர்களும் மென்னண்ணமும்கூட இறுகுகின்றன. அதனால்தான் தாடை முன்னால் வரும்போது நாக்குக்குப் பின்னால் மட்டுமின்றி, அதற்கு மேலே மென்னண்ணத்துக்குப் பின்னாலும் பாதை அகலவாக்கில் விரிகிறது. பலரும் எதிர்பாராத சங்கதி இது. தாடையை ஒரு தடையைத் தள்ளிவைக்கும் கை என்று நினைக்காமல், கூடாரத் துணியின் கயிற்றை இழுத்துக் கட்டும் முளை என்று நினைத்தால் படம் சரியாக வரும்.

மயக்க மருந்து கொடுத்தவருக்கோ நினைவிழந்தவருக்கோ மூச்சு அடைபட்டால், காதுமடலுக்குக் கீழே தாடை வளையும் மூலையில் இரு கை விரல்களையும் வைத்து முன்னுக்குத் தள்ளுவார்கள். எஸ்மார்க், ஹைபெர்க் என்ற இருவர் பெயரால் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இது வழக்கத்தில் இருக்கிறது. 1990-களில் ஜப்பானிய மயக்கவியல் மருத்துவர் ஷிரோ இசோனோவும் அவருடைய குழுவினரும், முழு மயக்கத்தில் தசைகள் முற்றிலும் செயலிழந்த நிலையில் தொண்டைக்குள் எண்டோஸ்கோப்பை வைத்துத் தாடையை நகர்த்திப் பார்த்தார்கள். மென்னண்ணத்துக்குப் பின்னாலும் நாக்குக்குப் பின்னாலும் பாதை விரிந்தது. தசை வேலை செய்யாத நிலையிலேயே விரிகிறது என்றால், இது எலும்பு இருக்கும் இடத்தின் விளைவு என்று தெளிவாகிறது. அதே குழு, உடல் பருமன் மிகுந்தவர்களுக்கு மென்னண்ணப் பகுதி அவ்வளவாக விரியவில்லை என்பதையும் கண்டது.

இதை உங்கள் வாயிலேயே சோதிக்கலாம். வாயை மூடி, வேண்டுமென்றே குறட்டைச் சத்தம் எழுப்புங்கள். பிறகு கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு முன்னால் வரும்படி தாடையை நீட்டிக்கொண்டு அதே சத்தத்தை எழுப்பப் பாருங்கள். பலருக்குச் சத்தம் வராது, அல்லது மிகவும் பலவீனமாக வரும். நோயறிதலுக்கு இது உதவாது. இயக்கத்தைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய வழியும் கிடையாது.

சில மில்லிமீட்டர் ஏன் இவ்வளவு முக்கியம்? நேரான, சீரான குழாயில் காற்று ஓடினால் தடை ஆரத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். ஆரம் 20 சதவீதம் குறைந்தால் தடை ஏறத்தாழ 2.4 மடங்காகும். தொண்டை நேரான குழாயும் அல்ல, அதன் சுவர் விறைப்பானதும் அல்ல. ஆனாலும் சிறு மாற்றம் பெரிய விளைவைத் தரும் என்ற திசை சரி. அதோடு, குறுகிய இடத்தில் காற்று வேகம் பிடிக்கிறது, வேகம் கூடினால் அங்கே சுவரைத் தாங்கும் அழுத்தம் குறைகிறது, இளகிய சுவர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. குறட்டை அந்தச் சுவரின் படபடப்பு. முழுதாக ஒட்டிக்கொண்டால் மூச்சுத்தடை.

ஆனால் எத்தனை மில்லிமீட்டர் திறந்திருக்கிறது என்பதைவிட, எந்த அழுத்தத்தில் அது மூடிக்கொள்கிறது என்பதே சரியான அளவுகோல். தூக்க ஆய்வகங்களில் முகமூடி வழியாக அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய் இதை அளப்பார்கள். குறட்டையே விடாதவரின் தொண்டை, பொதுவாக மைனஸ் 10 செ.மீ. நீர் அழுத்தத்துக்கும் கீழே உறிஞ்சினால்தான் மூடும். குறட்டைக்காரர்களுக்கு மைனஸ் 10-க்கும் மைனஸ் 5-க்கும் இடையில். மூச்சு முழுதாக நிற்காமல் குறைபவர்களுக்கு மைனஸ் 5-க்கும் பூஜ்யத்துக்கும் இடையில். முழுத்தடை உள்ளவர்களுக்குப் பூஜ்யத்துக்கு மேலே. அதாவது யாரும் உறிஞ்சாமலே, சும்மா இருந்தாலே மூடிக்கொள்ளும். தாடையை முன்னால் கொண்டுவருவது இந்த எண்ணைக் கீழே இறக்குகிறது. ஒரே அகலமுள்ள இரண்டு தொண்டைகளில் ஒன்று இறுகியும் ஒன்று தொளதொளத்தும் இருந்தால் இரவில் இரண்டும் ஒன்றாக நடந்துகொள்ளாது. ஸ்கேன் படத்தில் இந்த வித்தியாசம் தெரியாது.

இன்னொரு கோணமும் உண்டு. தாடை எலும்புகளும் முதுகெலும்பும் சேர்ந்து ஒரு பெட்டி. அதற்குள் நாக்கு, மென்னண்ணம், கொழுப்பு, டான்சில் ஆகியவை சரக்கு. மிஞ்சிய இடம்தான் மூச்சுப்பாதை. பெட்டி சிறிதானாலும் இடம் குறையும், சரக்கு கூடினாலும் குறையும். உள்வாங்கிய தாடையோடு மெலிந்த உடம்பு கொண்டவருக்கும், நல்ல தாடையோடு கனத்த கழுத்துக் கொண்டவருக்கும் ஒரே நோய் வருவது இதனால்தான். நாக்குக்குள்ளேயே கொழுப்பு படியும் என்பது எம்ஆர்ஐ ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. எடை குறைந்தால் அந்தக் கொழுப்பும் குறைகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் நான்கு ஆண்டு இடைவெளியில் ஒரே ஆட்களை அளந்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. எடை 10 சதவீதம் கூடியவர்களுக்கு மணிக்கு மூச்சுத்தடை எண்ணிக்கை ஏறத்தாழ 32 சதவீதம் கூடியது, 10 சதவீதம் குறைந்தவர்களுக்கு 26 சதவீதம் குறைந்தது. இவர்களின் தாடை ஒரு மில்லிமீட்டரும் நகரவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இனி அந்த ஸ்கேன். பக்கவாட்டு எக்ஸ்ரேயில், அதாவது செஃபலோகிராமில், தாடை இருக்கும் இடத்தைக் கோணங்களால் சொல்வார்கள். மண்டையோட்டின் அடித்தளத்தை ஒப்பிட்டு மேல்தாடைக்கு எஸ்என்ஏ கோணம் 82 டிகிரி அளவில், கீழ்த்தாடைக்கு எஸ்என்பி கோணம் 80 டிகிரி அளவில் இருப்பது சராசரி. வித்தியாசம் 2 டிகிரி. அது 4-5 டிகிரியைத் தாண்டினால், பெரும்பாலும் கீழ்த்தாடை பின்தங்கியது என்று பொருள். எப்போதும் அல்ல, மேல்தாடை முன்தள்ளியிருந்தாலும் அதே எண் வரும். நாக்கின் அடிக்கும் தொண்டையின் பின்சுவருக்கும் உள்ள இடைவெளி பெரியவர்களுக்குச் சுமார் 10 முதல் 12 மி.மீ. கீழ்த்தாடையின் கீழ்விளிம்புக் கோட்டிலிருந்து ஹையாய்டு எலும்பு சுமார் 15 மி.மீ. கீழே இருக்கும். தூக்க மூச்சுத்தடை உள்ளவர்களிடம் இந்த ஹையாய்டு இன்னும் கீழே இறங்கியிருப்பது திரும்பத் திரும்பக் காணப்படும் அடையாளம். தாடையின் கோணத்தைவிட இந்த ஒரு தூரத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பெட்டிக்குள் அடங்காத நாக்கு கீழே வழிந்திருக்கிறது என்பதற்கு அது தடயம்.

கீழ்த்தாடை பின்தங்கியவர்களுக்குச் சராசரியில் நாக்குக்குப் பின்னாலுள்ள இடம் குறைவு. முன்தள்ளிய தாடைக்காரர்களுக்குச் சராசரியில் கூடுதல். முகம் நீண்டு, கீழ்த்தாடை கீழ்நோக்கிச் சுழன்று வளர்ந்தவர்களிடமும் பாதை ஒடுங்கியிருக்கும் போக்கு தெரிகிறது. ஆனால் இவை சராசரிகள். தனித்தனி ஆட்களை எடுத்துப் பார்த்தால் குழுக்கள் ஒன்றன்மேல் ஒன்று நன்றாகப் படர்ந்திருக்கும். உள்வாங்கிய தாடையோடு தாராளமான தொண்டையும் இருக்கலாம், எடுப்பான முகவாயோடு குறுகிய தொண்டையும் இருக்கலாம். மேலும் பெரியவர்களிடம் பாதை மிகவும் ஒடுங்கும் இடம் பெரும்பாலும் மென்னண்ணத்துக்குப் பின்னால். அது கீழ்த்தாடையைவிட மேல்தாடைக்கு அருகில் இருக்கிறது. முகவாயை மட்டும் பார்த்துத் தொண்டையைக் கணிப்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

முப்பரிமாண சிபிசிடி படம் கொள்ளளவையும், மிகக் குறுகிய இடத்தின் குறுக்குப்பரப்பையும் தருகிறது. அந்தக் குறுக்குவெட்டின் வடிவத்தையும் பாருங்கள்: தடையில்லாதவரிடம் அது பக்கவாட்டில் நீண்ட முட்டை போல இருக்கும், தடை உள்ளவரிடம் பக்கச் சுவர்கள் நெருங்கி வட்டமாகவோ முன்பின்னாக நீண்டோ இருக்கும். பக்கவாட்டு எக்ஸ்ரே இதைக் காட்டவே காட்டாது. ஆனால் சிபிசிடிக்கும் தன் பங்குக்குக் கோளாறுகள் உண்டு. பெரும்பாலான கருவிகளில் உட்கார்ந்தோ நின்றோ எடுக்கிறார்கள். நீங்கள் தூங்குவது படுத்து. படம் எடுக்கும் 10, 20 வினாடிக்குள் ஒருமுறை எச்சில் விழுங்கினால் போதும், மென்னண்ணமும் நாக்கும் வேறு இடத்தில் பதிவாகும். தலையை 10 டிகிரி அண்ணாந்தால் நாக்குக்குப் பின்னால் சில மில்லிமீட்டர் கூடும், குனிந்தால் குறையும். எல்லாவற்றையும்விடக் கவனிக்கப்படாத பிழை ஒன்று இருக்கிறது. பல கருவிகளில் தலை அசையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் துண்டை முன்பற்களால் கடிக்கச் சொல்வார்கள். மேல், கீழ் வெட்டுப்பற்கள் அதன் பள்ளத்தில் நேருக்கு நேர் உட்கார வேண்டும். அப்படிக் கடித்தாலே, பின்தங்கிய கீழ்த்தாடை பல மில்லிமீட்டர் முன்னுக்கு வந்துவிடுகிறது. தாடை எங்கே இருக்கிறது, பாதை எவ்வளவு என்று கேட்பதற்காக எடுக்கும் படத்திலேயே தாடையை நகர்த்திவிடுகிறோம்! சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு 'பாதை இத்தனை சதவீதம் விரிந்தது' என்று யாராவது காட்டினால், முதலில் கேட்க வேண்டியவை: இரண்டிலும் பற்கள் எப்படிக் கடித்திருந்தன, கழுத்து எந்தக் கோணத்தில் இருந்தது, மூச்சு எந்தக் கட்டத்தில் இருந்தது. பல சமயம் விரிவு முழுவதும் அங்கேயே இருக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களோ மென்பொருளில் யாரோ வைத்த எல்லைகள்தான். நோய் உண்டு, இல்லை என்று பிரிக்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட பரப்பளவு எல்லை கிடையாது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குறுகிய தொண்டை உள்ளவர்கள் விழித்திருக்கும்போது, நாக்கை முன்னிழுக்கும் தசையைச் சாதாரண ஆட்களைவிட அதிகமாக இயக்கி ஈடுகட்டுகிறார்கள். தூங்கியதும் அந்த ஈடு போய்விடுகிறது. விழித்த நிலையில் எடுத்த படம், நோயாளியின் தொண்டையை அதன் மிகச் சிறந்த நடத்தையில் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

வாய் திறப்பு தனியாகப் பேச வேண்டிய விஷயம், ஏனென்றால் தாடை நிலை என்றாலே பலர் முன்-பின் மட்டுமே நினைக்கிறார்கள். கீழ்த்தாடை காதுக்கு முன்னாலுள்ள மூட்டில் கதவுக்கீல் போலச் சுழல்கிறது. மூட்டிலிருந்து கீழ் வெட்டுப்பல் ஏறத்தாழ 9-10 செ.மீ. முன்னாலும், 3-4 செ.மீ. கீழேயும் இருக்கிறது. வெறும் கீல் சுழற்சியாகவே கணக்குப் போட்டால், முன்பற்கள் 10 மி.மீ. திறக்கும்போது அவை கூடவே 4 மி.மீ. அளவுக்குப் பின்னாலும் போகின்றன. முகவாய் இன்னும் கீழே இருப்பதால் அது அதைவிட அதிகமாகப் பின்வாங்கும். நாக்கின் தசை கட்டப்பட்டிருப்பது முகவாய்க்குப் பின்னால்தானே? ஆகவே தூக்கத்தில் வாய் பிளந்தால் நாக்கும் ஹையாய்டும் பின்னால் போய்ப் பாதை நெருங்குகிறது. மூக்கடைப்பு இருப்பவருக்கு வாய் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவருக்கு வாயில் டேப் ஒட்டுவது தீர்வு அல்ல, முதலில் மூக்கைப் பார்க்க வேண்டும். பல் நறநறவென்று கடிப்பவர்களுக்குத் தரும் தட்டையான இரவுத் தட்டு, தாடையை முன்னுக்குக் கொண்டுவராமல் வாயை மட்டும் திறந்துவைக்கிறது. மூச்சுத்தடை ஏற்கெனவே உள்ள சிலருக்கு அது நிலைமையை மோசமாக்கக்கூடும். குறட்டை பலமாக விடுபவருக்கு அந்தத் தட்டைச் செய்வதற்கு முன் இரண்டு கேள்வி கேட்பது நல்லது.

தாடையை முன்னால் வைப்பதைச் சிகிச்சையாக மாற்றியதுதான் கீழ்த்தாடை முன்நகர்த்தும் வாய்க்கருவி. இரவில் மேல், கீழ்ப் பல்வரிசைகளில் மாட்டிக்கொள்வது. இது வேலை செய்ய ஒவ்வொரு வரிசையிலும் உறுதியான பற்கள் போதுமான அளவுக்கு வேண்டும், பொதுவாகக் குறைந்தது எட்டு. ஈறு நோயால் ஆடும் பற்கள் இருந்தால் கருவி அவற்றை இழுத்துவிடும். தாடையை முழுதாக முன்னுக்கு நீட்டும் தூரம் குறைந்தது 5 மி.மீ. இருக்க வேண்டும்.

அளவெடுப்பதில் நடக்கும் ஒரு தவறைக் கிட்டத்தில் காட்டுகிறேன். அளவுகோலில் ஒருவர் தாடையை முழுதாகப் பின்னுக்கு இழுத்தால் மைனஸ் 4, முழுதாக முன்னுக்கு நீட்டினால் பிளஸ் 8 என்று வருகிறது என்று கொள்ளுங்கள். மொத்த வீச்சு 12 மி.மீ. தொடக்கத்துக்கு அதில் 60 சதவீதம் என்று வைத்தால் 7.2, மைனஸ் 4-இலிருந்து எண்ணினால் பிளஸ் 3.2-இல் கருவியைத் தொடங்க வேண்டும். ஆனால் அவருடைய வழக்கமான கடி மைனஸ் 3-இல் இருக்கிறது என்பதால், அங்கிருந்து 7.2 எண்ணினால் பிளஸ் 4.2 ஆகிவிடும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். மூட்டுவலியால் முதல் வாரத்திலேயே கருவியைப் பெட்டியில் போட்டு மூடிவிடுபவர்களில் இப்படி அளவு தப்பியவர்கள் உண்டு. 50 முதல் 60 சதவீதத்தில் தொடங்கி, வாரத்துக்கு அரை மி.மீ. அல்லது அதற்கும் குறைவாகத் திருகை முன்னேற்றுவது பாதுகாப்பான வழி. குறட்டை நின்று, காலையில் தெளிவாக எழுந்தால் நிறுத்தி, கருவியோடு மறுபடி தூக்கப் பரிசோதனை. 75 சதவீதத்துக்கு மேல் தள்ளினால் பலன் அதிகம் கூடுவதில்லை, வலியும் பல் நகர்வும் கூடுகின்றன. கருவியின் தடிமனையும் கவனியுங்கள்: மேலே சொன்ன கீல் கணக்குப்படி, தேவையில்லாமல் 5 மி.மீ. வாயைத் திறந்தால் 2 மி.மீ. முன்நகர்வு வீணாகிறது. இரவில் தாடை தொங்காமலிருக்கச் சிறு ரப்பர் வளையங்களை மாட்டும் வசதி இருந்தால் நல்லது.

பலன்? ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மூச்சுத்தடை மணிக்கு ஐந்துக்கும் கீழே இறங்குகிறது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சொல்லும்படி குறைவதில்லை, மற்றவர்கள் நடுவில். இளவயதினர், எடை குறைந்தவர், மல்லாந்து படுக்கும்போது மட்டும் தடை வருபவர், கீழ்த்தாடை பின்தங்கியவர் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்துவைக்கும் சிபாப் இயந்திரம், மூச்சுத்தடை எண்ணிக்கையை இதைவிட நன்றாகக் குறைக்கிறது. ஆனால் வாய்க்கருவியை ராத்திரி முழுவதும் போட்டுக்கொள்பவர்கள் அதிகம் என்பதால் பகல் தூக்கம், ரத்த அழுத்தம் போன்றவற்றில் இரண்டும் நெருங்கி வருகின்றன. பல ஆண்டு போட்டால் கடி மாறும்: மேல் முன்பற்கள் உள்சாயும், கீழ் முன்பற்கள் வெளிச்சாயும், கடைவாய்ப் பற்கள் பொருந்தாமல் போகலாம். காலையில் கருவியைக் கழற்றியதும், பழைய கடியின் அச்சை ஒரு சிறு தட்டாகச் செய்து வைத்துக்கொண்டு சில நிமிடம் கடிப்பது தாடையைப் பழைய இடத்துக்குத் திரும்பவைக்கும். பல் நகர்வை முழுதாக அது தடுக்காது. சூடான நீரில் இளக்கிக் கடித்துப் பதியவைக்கும் கடைக்கருவிகளை, அந்தப் பலன் உங்களுக்கு வருமா என்று பார்க்கக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் தோற்றவர் நல்ல கருவியிலும் தோற்பார் என்று சொல்ல முடியாது.

அறுவைச் சிகிச்சையில் எலும்பே நகர்கிறது. மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் வெட்டி, ஏறத்தாழ 10 மி.மீ. முன்னுக்குக் கொண்டுவந்து தகடு, திருகு வைத்துப் பொருத்துவார்கள். இரண்டையும் சேர்த்து நகர்த்துவதற்குக் காரணம் கடி கெடாமலிருப்பது மட்டுமல்ல. மேல்தாடை வந்தால்தான் மென்னண்ணமும் வருகிறது. 2010-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், மணிக்குச் சராசரி 64 தடவை இருந்த மூச்சுத்தடை 9.5 ஆகக் குறைந்தது. 'வெற்றி' என்று கணக்கிட்டது 86 சதவீதம். மணிக்கு ஐந்துக்கும் கீழே போய் 'குணம்' என்று சொன்னது 43 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் எண்ணை மட்டும் சொல்பவர்கள் அதிகம். வெற்றி என்பதன் இலக்கணம் பாதியாகக் குறைந்து இருபதுக்குக் கீழே வருவதுதான். கீழ் உதட்டில் மரத்துப்போதல் தொடக்கத்தில் பெரும்பாலோருக்கு இருக்கும், சிலருக்கு நிலைத்துவிடும். இரு தாடையும் ஏற்கெனவே முன்தள்ளிய முகம் என்றால், மேலும் 10 மி.மீ. தள்ளினால் முகம் கெடும். அவர்களுக்குத் தாடைத் தொகுதியைச் சுழற்றி முகவாயை அதிகமாகவும் பற்களைக் குறைவாகவும் முன்கொண்டுவருவது போன்ற மாற்று வழிகள் இருக்கின்றன. திட்டமிடுபவரிடம் இதைப் பற்றிப் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எதிர்த்திசையையும் மறக்கக் கூடாது. முன்தள்ளிய கீழ்த்தாடையை அழகுக்காகவும் கடிக்காகவும் பின்னுக்குத் தள்ளும் அறுவையில் நாக்கும் ஹையாய்டும் பின்னாலும் கீழேயும் போகின்றன, பாதை ஒடுங்குகிறது. இளவயதில் மெலிந்தவராக இருந்தால் பெரும்பாலோர் சமாளித்துவிடுகிறார்கள். பின்னால் எடை கூடும்போது அந்த ஒடுக்கம் தலைதூக்கலாம். முழு நகர்வையும் கீழ்த்தாடை மேலேயே சுமத்தாமல் மேல்தாடையை முன்கொண்டுவந்து பங்கிட்டால் பாதிப்பு குறைகிறது. குறட்டை, பருமன் இரண்டும் உள்ளவருக்குத் தாடையைப் பின்தள்ளும் முன் ஒரு தூக்கப் பரிசோதனை எடுப்பதைச் சம்பிரதாயமாகவே வைத்துக்கொள்ளலாம்.

கிளிப் போடுவதற்காக முன்கடைவாய்ப் பற்களை எடுத்ததால் மூச்சுத்தடை வந்தது என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. 2015-இல் ஏறத்தாழ 5,500 பேரின் பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வில், அப்படிப் பல் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மூச்சுத்தடை நோய் விகிதத்தில் வேறுபாடு இல்லை. அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையும் இதே நிலைப்பாட்டைத்தான் எடுத்தது. பெரியவர்களுக்கு முன்பற்களை அதிகபட்சம் பின்னிழுத்த சில ஆய்வுகளில் பாதை சற்றுக் குறைந்தது உண்மை. அதிலிருந்து நோய்க்குத் தாவுவதற்குச் சான்று போதவில்லை.

நாக்கை அண்ணத்தில் அழுத்தி வைத்துத் தாடையை வளர்ப்பது பெரியவர்களுக்கு நடக்காது. வளர்ச்சி முடிந்த எலும்பு அந்த அழுத்தத்துக்கு நகராது. முறையான நாக்குப் பயிற்சியால் மூச்சுத்தடை குறைவது வேறு விஷயம்; அங்கே மாறுவது தசை, தாடை அல்ல. மேல்தாடையை அகலமாக்கும் திருகுக் கருவிகள் பெரியவர்களுக்குத் திருகாணியை எலும்பில் பதித்தோ அறுவையோடு சேர்த்தோதான் பலிக்கும். மூக்கில் காற்றோட்டம் எளிதாகலாம், தொண்டை விரியும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

ஆக, உங்கள் கையிலுள்ள ஸ்கேனை வைத்து என்ன செய்வது? பலமான குறட்டை, மூச்சு நிற்பதைப் பக்கத்தில் படுப்பவர் பார்த்தது, பகலில் கண் சொக்குவது, கட்டுக்கு வராத ரத்த அழுத்தம் ஆகியவற்றில் எதுவுமே இல்லையென்றால், அந்தச் சிவப்பு நிறத்துக்காகத் தாடையை நகர்த்த வேண்டியதில்லை. இருந்தால் முதலில் தூக்கப் பரிசோதனை. 10 வினாடிக்குக் குறையாத தடைகளையும் குறைவுகளையும் சேர்த்து மணிக்கு எத்தனை என்று அதில் எண்ணுவார்கள்: 5 முதல் 15 வரை லேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். மல்லாந்த நிலையிலும் ஒருக்களித்த நிலையிலும் தனித்தனியாக எண்ணிக்கை கேட்டு வாங்குங்கள். அறுவை வரை யோசிப்பதாக இருந்தால், மருந்தால் தூங்கவைத்துத் தொண்டைக்குள் எண்டோஸ்கோப்பில் பார்க்கும் பரிசோதனை உதவும். மூடும் இடம் எது என்று பார்த்தபின், மருத்துவர் தாடையை மெதுவாக 4, 5 மி.மீ. முன்னுக்குப் பிடித்து, அந்த இடம் திறக்கிறதா என்று பார்ப்பார். முழுபலத்தோடு தள்ளினால் எல்லோருக்கும் திறக்கும்; அதற்கு மதிப்பில்லை. கருவி இரவில் எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவுதான் பிடிக்க வேண்டும். அந்தச் சில மில்லிமீட்டரில் திறந்தால் தாடைச் சிகிச்சைக்கு வழி இருக்கிறது. மென்னண்ணம் நாலா பக்கமும் சுருக்குப்பை போல மூடி, தாடையை நகர்த்தியும் அசையாமல் இருந்தால் வாய்க்கருவியை நம்பி மாதங்களைக் கழிக்காமல் சிபாப் பக்கம் போவது நல்லது.